ஆஸ்பத்திரி லைன்

"ஆஸ்பத்திரி லைனை ஆஃப் பண்ணு!"

கதவை உதைத்துத் திறந்து வந்தவன் கையில் இரும்புக் கம்பி. சட்டையெல்லாம் ரத்தம்.

மின் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர் தனியாக இருந்தார். விடாத மழையில் சோலார் படுத்துவிட்டது. சூறைக்காற்றுக்குப் பயந்து காற்றாலையையும் நிறுத்தியாயிற்று. ஊர் முழுவதையும் இருட்டாக்கிவிட்டு, பேட்டரியில் மிஞ்சிய மின்சாரத்தை ஆஸ்பத்திரிக்கு மட்டும் விட்டிருந்தார். அங்கே ஜெனரேட்டர் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது.

"முடியாது. அங்க ஆபரேஷன் நடக்குது."

"அதனாலதான் சொல்றேன். மேசையில கிடக்கிறவன் எந்திரிக்கவே கூடாது!"

கம்பி தோளில் இறங்கியது. ஆபரேட்டர் சுவிட்ச் பலகையின் மேல் குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டார். அடுத்த அடியில் மணிக்கட்டு முறிந்தது. அதற்கடுத்த அடியில் மண்டை பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. பிடியை மட்டும் அவர் விடவில்லை.

போன் அடித்தது. தட்டுத்தடுமாறி ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஆபரேஷன் முடிஞ்சுது. பிழைச்சுட்டான். இனி கரண்ட் போனாலும் பரவாயில்ல" என்றார் டாக்டர்.

வந்தவன் கம்பியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கதறினான்.

"அண்ணா, உன் பையனைக் கொன்னவன் அவன்! நான் குத்தின குத்துல போய்ச் சேர்ந்திருப்பான். அவனைப் போய்க் காப்பாத்திட்டியே!"

ஆபரேட்டர் முறியாத கையால் தம்பியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அவனையாடா காப்பாத்தினேன்? அவன் செத்திருந்தா நீ தூக்குல தொங்குவே. பிள்ளையைத்தான் பறிகொடுத்துட்டேன். தம்பியையுமா கொடுக்கணும்?"