பல்ப் வாங்காத புறொக்டர்

வெள்ளவத்தைப் புறொக்டர் தியாகராசாவிடம் கடற்கரைப் பக்கம் மாடிவீடு இருந்தது, கோட்டையில் வழக்குப் பார்க்கவும் காணி உறுதி எழுதவும் ஒரு கந்தோர் இருந்தது, கொட்டகையில் ஒரு மொறிஸ் கார் இருந்தது. அந்தக் காருக்கு இரண்டு பல்ப் வாங்கத்தான் மனம் இருக்கவில்லை.

ஹெட்லைற் இரண்டும் எரியாமல் போய் ஒன்றரை மாதம். பொழுதுபட்ட பிறகு விளக்கில்லாத காரை றோட்டில் கண்டால் பொலிஸ் பிடிக்கும். அதனால் ஆறு மணிக்கே கொட்டகையைப் பூட்டி, டிரைவர் வின்சன்ற்றை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பிறகு மழையோ காற்றோ, குடையை விரித்துக்கொண்டு றிக்‌ஷோவில் குலுங்கிக் குலுங்கிப் போவார். மன்னரின் முடிசூட்டுக்குக் கொழும்பு முழுக்கப் பல்ப் மாலை தொங்கினபோது, ஐயா அதில் இரண்டைக் கழற்றியிருக்கலாமே என்று றிக்‌ஷோக்காரனே கேட்டானாம். காலி வீதிக் கடைகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வின்சன்ற்றின் மகள் ஐறீனுக்குச் சிரிப்பு வரவில்லை. மம்மா படுக்கையில் விழுந்ததால் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் அவள். கஞ்சர்களைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு நேரமில்லை.

உண்மையைச் சொன்னால், பாமன்கடையில் அவர்கள் வீட்டில் அந்த ஒன்றரை மாதமும் கனவு போலத்தான் போனது. மம்மாவுக்குப் பொழுதுபடும் நேரத்தில்தான் காய்ச்சல் ஏறும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலைப் பார்த்துப் பயப்படுவாள். முன்பு பத்து மணி தாண்டி வருகிற பப்பா, இப்போது ஆறரைக்கே வந்து கட்டிலோரம் இருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்குக் கார் எந்த றோட்டால் போனது, எந்த வளவில் என்ன பூத்திருந்தது என்று மெதுவாகச் சொல்லுவார். மம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காரில் பின்னால் ஏறிவிடுவாள். யன்னல் மஞ்சளாகி, ஊதாவாகி, மங்கும். கால்வாய்க் காற்று வரும். காய்ச்சல் வந்து கதவைத் தட்டிப் பார்த்து, ஆளில்லை என்று திரும்பிப் போனது போல இருக்கும்.

ஆனால் கனவில் உலை கொதிக்காது. புறொக்டர் காரை விற்கப்போகிறார் என்று மீன்காரி வரைக்கும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். கார் போனால் டிரைவர் எதற்கு?

பல்ப்பைக் கழற்றித்தான் பாருங்களேன் என்று பப்பாவிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். ஐயாவே பார்த்தவர், எரிந்து போச்சாம், தொடவேண்டாமாம் என்பார். சொல்லிவிட்டு, விடிந்ததும் போய் அந்த எரியாத லைற்றின் கண்ணாடியை மினுக்குவார். இப்படியும் ஒரு பயந்த மனுஷனா?

கொம்பனித்தெருவில் மோட்டர் சாமான் விற்கும் ஹமீட் நானாவின் வீட்டுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள் ஐறீன். கூலியாக இரண்டு பல்ப் கேட்டு வாங்கினாள். சனிக்கிழமை மத்தியானம் பப்பா தபாற்கந்தோருக்குப் போயிருக்க, ஐயா உண்ட களையில் தூங்க, கொட்டகைக்குள் புகுந்தாள்.

ஸ்குறூவைத் தளர்த்தி வளையத்தை எடுத்தாள். கண்ணாடியைச் சாக்கின்மேல் வைத்தாள். உள்ளே வெள்ளிக் கிண்ணம் மாதிரிப் பளபளத்தது. விரல் பட்டால் கறை விழும். லேஞ்சித் துணியால் பல்ப்பைப் பிடித்து, அமுக்கித் திருப்பிக் கழற்றினாள்.

பல்ப்பின் அடியில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டிக்கொண்டு வந்தது. சதக்காசு அளவில் வட்டமாக வெட்டின தடித்த கடதாசி. மற்ற லைற்றிலும் அப்படியே ஒன்று.

கரண்டை மறித்த கடதாசிகளை எடுத்துவிட்டு, பழைய பல்ப்புகளையே திரும்பப் போட்டு, சுவிச்சைத் தட்டினாள்.

இருண்ட கொட்டகைச் சுவரில் பட்டப்பகலில் இரண்டு நிலவு எழும்பியது. தூசு பொன்னாக மிதந்தது. வெளியே கடல் இரைந்தது. தான் எதற்கு வந்தோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்து நின்றாள்.

"ஆரது?"

வாசலில் சாரத்தோடு தியாகராசா.

ஐறீன் கடதாசியை நீட்டினாள். "இது உறுதி எழுதுற கடதாசி. உங்கட கந்தோரில இருக்கிறது. பல்ப்புக்குக் கீழ ஆருக்கு என்ன உறுதி எழுதி வைச்சனீங்கள் ஐயா?"

அவர் வந்து சுவிச்சை அணைத்தார். காரின் மிதிபலகையில் மெல்ல உட்கார்ந்தார். அம்மாவுக்கு இப்போது பின்னேரங்களில் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றாள்.

"லீவு குடுத்துப் பாத்தன் பிள்ளை. முழுச் சம்பளத்தோட. வேலையால நிப்பாட்டப் போறீங்களோ ஐயா எண்டு என்ர காலைப் பிடிச்சிட்டான் உன்ர தகப்பன். கார் ஓடேலாதெண்டா அவனும் என்ன செய்யிறது, வீட்டை போகத்தானே வேணும்?"

"ஊரெல்லாம் உங்களைக் கஞ்சன் எண்டு சிரிக்குது."

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கு ஒரு புறொக்டர் கிடைக்கிறது லேசே?"

"அப்ப காரை விக்கேல்லையோ?"

"எனக்கென்ன விசரே?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "வின்சன்ற்றுக்கு மட்டும் சொல்லிப்போடாதை. ரோசக்காரன். தெரிஞ்சா நாளைக்கே பாதிராத்திரி வரைக்கும் இங்கதான் நிப்பான்."

ஐறீன் கடதாசிகளை இருந்த இடத்திலேயே வைத்து, வளையங்களை முறுக்கினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை மூடிக்கொண்டு போவது பெரிய பாடாக இருந்தது.

ஆறரைக்குப் பப்பா வந்தார். சொல்லிக்கொண்டே இருந்தார், மம்மா கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். பிடித்த கையை விடாமல் அவர் ஐறீனைப் பார்த்தார்.

"நான் துடைச்ச கண்ணாடியில உன்ர விரல் அடையாளம் கிடக்குது. திறந்தனியோ?"

"ஓம் பப்பா. பல்ப்... பல்ப் ரெண்டும் எரிஞ்சுதான் போச்சு."

மம்மா எழும்பிவிடாமல், மிக மெதுவாகக் கேட்டார் வின்சன்ற்:

"அது சரி. அந்தக் கடதாசியைத் திரும்ப வைச்சுத்தானே மூடினனி?"