பொருள் சொல்லும் வரம்

ஞாயிறு ஆராதனையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் மனைவி ஆவியில் நிறைந்து, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் பேசி முடித்து, மூடிய கண்ணைத் திறக்காமலே உட்காருகிறாள். சபை அதன் பொருளுக்காகக் காத்திருக்கிறது. மின்விசிறி மட்டும் டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது. அவள் பேசும் பாஷைக்குப் பொருள் சொல்லும் வரம் அந்தச் சபையில் மெக்கானிக் ஒருவருக்குத்தான் இருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருவருக்கும் நடுவிலுள்ள நாற்காலியில் அவளுடைய கைப்பை மூன்றாம் ஆள்போல உட்கார்ந்திருக்கிறது. மைக் கைக்கு வர, அவர் எழுந்து நிற்கிறார். ஜன்னல் வெயில் அவருடைய நகக்கண்ணின் எண்ணெய்க் கறுப்பில் விழுகிறது. வழக்கமாக நெஞ்சில் ஊறிவரும் வார்த்தை இன்று ஊறவில்லை. ‘மகளே, உன் புருஷனை மன்னித்துவிடு’ என்று ஒரு வரி மட்டும் நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது. சொன்னால் எண்பது பேரும் ஆமென் சொல்வார்கள், வீட்டுச் சண்டை மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அது ஆண்டவர் கொடுத்ததல்ல, தன் சொந்தச் சரக்கு என்பது அவருக்குத் தெரியும்.

“என்னப்பா, ஆண்டவர் என்ன சொல்றார்?” என்கிறார் போதகர்.

“எனக்கு ஒண்ணும் கிடைக்கல, ஐயா.”

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். பின்வரிசையில் யாரோ இருமுகிறார்கள். மனைவி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவள் கை மட்டும் நீண்டு, நடு நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறது.