முதல் அடி தலைவனுக்கு

எட்டு மாதம் தன் கையால் வளர்த்த தலைவனைத் தானே கொன்றுவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அதுவும் முதல் அடியிலேயே.

தலைவனின் உயரம் ஓர் அங்குலம். ஈயத்தில் வார்த்து, சிவப்புக் கவசம் தீட்டிய சாமுராய் பொம்மை. மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக ஜப்பானியப் பாணியில் அவள் உருவாக்கிய படைக்கு அவன்தான் தலைவன்.

எந்த வீரனுக்கு எத்தனை புள்ளி, என்ன பலம், என்ன விதி என்று படைப் பட்டியல் எழுதுவதுதான் அவளுக்குத் தொழில். புதுப் புத்தகத்தில் ஒரு படைக்குத்தான் இடம். அவளுடைய சாமுராய்களா, அவளைப் போலவே பட்டியல் எழுதும் எதிர்மேசைக்காரரின் கல் அரக்கர்களா என்பது இன்று தெரிந்துவிடும். இடம் கிடைக்காதவர் அடுத்த மாதம் முதல் வேலைக்கு வர வேண்டாம்.

"படையை மாத்திக்குங்க," என்றார் முதலாளி. "அவங்கவங்க படையை அவங்கவங்களே ஆடினா ஓட்டை தெரியாது. எது அச்சுக்குப் போகும்னு ஆட்டம் முடிஞ்சதும் சொல்றேன்."

அங்கே எப்போதும் அதுதான் வழக்கம். அரக்கர்கள் அவள் பக்கம் வந்தார்கள். சாமுராய்கள் எதிர்மேசைக்காரர் பக்கம் போனார்கள். ஆக, அவளுடைய படை ஜெயிக்க வேண்டுமென்றால் அவள் தோற்றாக வேண்டும்.

முதலாளி போன வருடத்து நாகப் படைப் புத்தகக் கட்டுகள்மேல் உட்கார்ந்தார். எந்தப் போட்டியிலும் தோற்காத படை அது. ஏனோ கட்டுப் பிரிக்காமலே சுவரோரம் அடுக்கிக் கிடந்தது.

அவளுடைய பட்டியலைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "தலைவன் விழுந்தா ஒருத்தனும் ஓட மாட்டான், ஆளுக்கு ரெண்டு வெட்டுன்னு போட்டிருக்கியே. கொஞ்சம் ஓவரா இல்ல?"

"அளந்துதான் சார் வெச்சிருக்கேன்."

பொய்யில்லை. தலைவனைத் தொடாமல், அரக்கர்கள் தூரத்திலிருந்து பாறையை வீசி மற்றவர்களைக் குறைத்துக்கொண்டே வந்தால் அந்த விதி செல்லாக்காசு. அந்த வழி அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் இன்று அவள் செய்யப்போவதில்லை.

அரக்கர்களை நேராக, தலைவன் நின்ற பொம்மைப் பாலத்துக்கு நகர்த்தினாள்.

"என்னம்மா, எடுத்த எடுப்புல தலைவன்கிட்டயே வர்றே?" எதிர்மேசைக்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

"எனக்கு வேற வழி தெரியலண்ணே."

பகடையில் நாலோ அதற்கு மேலோ விழ வேண்டும். உருட்டினாள். பகடை மேசை விளிம்புவரை ஓடித் தயங்கி நின்றது. ஐந்து!

தலைவன் சாய்ந்தான். அவ்வளவுதான், சாமுராய்களுக்கு வெறி ஏறியது. ஆளுக்கு இரண்டு வெட்டு. அரக்கர்கள் ஒவ்வொருவராக மேசையை விட்டு இறங்கினார்கள்.

அவள் உச்சுக் கொட்டினாள், தலையில் கை வைத்துக்கொண்டாள். எதிர்மேசைக்காரரோ ஒரு தப்பாட்டமும் ஆடவில்லை. தன் பிள்ளைகளைத் தானே வெட்டுகிறோம் என்று தெரிந்தும் முகம் வெளிறி, ஒழுங்காகப் பகடையை உருட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் ஒரு வருடமாக வேலையில்லாமல் இருக்கும் கணவரை நினைத்தாள்; வெட்கத்தை ஓரங்கட்டினாள்.

நாலாவது சுற்றில் கடைசி அரக்கனும் விழுந்தான்.

"இந்தப் பக்கம் எத்தனை பேர் போனாங்க?" என்று கேட்டார் முதலாளி.

"தலைவன் மட்டும்தான் சார்," என்றார் எதிர்மேசைக்காரர். சத்தமில்லாமல் தன் தூரிகைகளைப் பைக்குள் எடுத்துவைக்க ஆரம்பித்தார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலாளி எழுந்துவந்து அந்தப் பையை மேசைமேல் திரும்ப வைத்தார். "எங்க கிளம்பிட்டீங்க? அரக்கர் பட்டியலை அச்சுக்கு அனுப்புங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்! ஜெயிச்சது என் படை!"

முதலாளி தான் உட்கார்ந்திருந்த கட்டைச் சுட்டிக் காட்டினார். "இதுவும் தோக்காத படைதாம்மா. இதுக்கு எதிர்ல நின்னு ஆட ஒருத்தன் வர மாட்டேங்கறான். அப்புறம் யார் வாங்குவா?"

"ஐயோ, அப்படி இல்ல சார். என் படையைத் தோக்கடிக்கிறது ரொம்பச் சுலபம்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலாளி பரிதாபத்தோடு சிரித்தார்.

"உன்னாலேயே முடியலையேம்மா!"