எடுத்த விதி திரும்பி வந்தது

"ஏம்மா, தமிழ்ல சொன்னா புரியலையா? கன்னடத்துல சொல்லட்டுமா?"

பெருமாள் போட்ட சத்தத்தில், அறைக்கு வெளியே இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓசூர் சிப்காட்டில் இருக்கும் அந்தத் தொழிற்சாலைக்கு அவர்தான் எச்.ஆர். மேனேஜர்.

எதிரே நின்ற அனுப்ரியா, அங்கே வருகைப்பதிவு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த கம்பெனியில் வேலை பார்ப்பவள். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போயிருந்தாள்.

"கம்பெனி பஸ் லேட்டா வந்தா, அதுல வர்றவங்களுக்கு லேட் மார்க் விழக்கூடாதுன்னு புதுசா ஒரு ரூல் போட்டீங்க. எம்.டி.க்குப் பிடிக்கல. எடுக்கச் சொன்னேன். எடுத்தியா இல்லையா?"

"எடுத்துட்டேன் சார். மெர்ஜ் பண்ணும்போது திரும்ப வந்துடுச்சு."

"தானா நடந்து வந்துச்சா?"

வெளியே யாரோ சிரித்தார்கள்.

காலையில் டீம் லீடரிடம் சொன்னதையே மறுபடி சொன்னாள்.

"புரோகிராம் ரெண்டு பிராஞ்ச்சா, அதாவது ரெண்டு காப்பியா இருக்குது சார். அந்த ரூலை ரெண்டுலயும் போட்டிருந்தோம். நீங்க சொன்னதும் என் பிராஞ்ச்ல எடுத்துட்டேன். ரெண்டையும் ஒண்ணா சேர்க்கறதுதான் மெர்ஜ். அப்போ, ரெண்டா பிரியறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னுதான் கம்ப்யூட்டர் பார்க்கும். என்னுது பழையபடியே இருக்கவும், நான் எதையுமே மாத்தலைன்னு எடுத்துக்கிச்சு. இன்னொரு பிராஞ்ச்ல ரூல் புதுசா தெரிஞ்சுது. அதை வெச்சுக்கிச்சு."

"உன்னை ஒரு வார்த்தை கேட்கலையா?"

"ரெண்டும் மோதினாத்தான் கேட்கும் சார். மோதவே இல்ல."

"அப்போ யார் தப்பு?"

"யாரும் வேணும்னு பண்ணல. ஆனா சேர்த்ததுக்கு அப்புறம் நான் ஒரு தடவை பார்த்திருக்கணும். பார்க்கலை."

பெருமாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்றே நினைத்தாள் அனுப்ரியா.

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"இப்பவே பண்ணிடறேன் சார். பத்து நிமிஷம் போதும்."

அவசரமாக லேப்டாப்பைத் திறந்தாள். அவர் அதை மெல்ல மூடினார்.

"கெலமங்கலம் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பஸ் லேட்டுதான். வர்றவங்க எல்லாம் காண்ட்ராக்ட்ல இருக்கற பொம்பளைங்க. அடிக்கடி லேட் விழுந்தா நிறுத்திடுவாங்க. எம்.டி.கிட்ட சொல்லிப் பார்த்துட்டேன், காதுலயே வாங்கல."

அனுப்ரியா அவரையே பார்த்தாள்.

"இப்ப எனக்குச் சொன்னியே, பிராஞ்ச், மெர்ஜ்னு… அதை அப்படியே எம்.டி.க்கு மெயில் போடு. அவருக்கும் ஒண்ணும் புரியாது" என்றார் பெருமாள், குரலைத் தாழ்த்தி. "கடைசியில, சரி பண்ண ரெண்டு மாசம் ஆகும்னு எழுதும்மா. அதுக்குள்ள ரோட்டைப் போட்டுடுவாங்க."