சூரியன் இருக்கும்போதே

"பொழுது சாய்ஞ்சா என் பொண்ணு வாயில ஒரு பருக்கை வைக்க மாட்டா மாஸ்டர். எங்க ஜைன வழக்கம் அப்படி" என்றார் ஜினகுமார்.

தாமல் ஏரிக்கரையில் கடல் வரைபடத்தை விரித்திருந்த நீச்சல் மாஸ்டர் குரு தலையில் கை வைத்தார். "உம் பொண்ணு கடல்ல அந்தத் தீவைச் சுத்தி நீந்தி வர ராத்திரிதான்பா நீரோட்டம் சாதகம். படகுலேர்ந்து கஞ்சி குடுத்துக்கினே வந்தா முடிச்சிடுவா. பகல்ல எதிர்த்து நீந்தணும், கை ஓஞ்சிடும்."

"கஞ்சி குடுக்க அவங்கம்மாவே வரா. ஆனா இருட்டினா குடுக்க மாட்டாளே!"

குரு ஜினகுமாரின் மகள் ஸ்ருதியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "பகல்லயே நீந்தறேன் சார்."

ஜினகுமார் வண்டிச் சாவியை எடுத்தார். வழக்கத்தை விடு என்று பெற்ற மகளிடம் எந்த வாயால் சொல்வது?

ஏனாத்தூர் கல்லூரி ஹாஸ்டலில் அவளை இறக்கிவிட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. டவுனில் அவர் வழக்கமாக ராத்திரி நின்று சாப்பிடும் கடைவரை இன்று பசி தாங்கவில்லை. கல்லூரி எதிரில் இருந்த தள்ளுவண்டியிலேயே நாலு இட்லி வாங்கி, ஒரு விள்ளல் வாயில் போட்டார்.

"வாம்மா, உனக்கும் தினம் போல நாலுதானே?" என்றார் கடைக்காரர், அவருக்குப் பின்னால் பார்த்து.

ஜினகுமார் திரும்பினார். ஸ்ருதி நின்றிருந்தாள்.

ஜினகுமார் வாயில் இருந்ததை விழுங்கினார்.

"மாஸ்டர்கிட்ட ராத்திரியே வெச்சுக்கலாம்னு சொல்லிடட்டுமா?" என்றார் மெதுவாக.

"சொல்லுங்கப்பா. அம்மாகிட்ட யாரு சொல்றது?"

ஜினகுமார் தட்டைப் பார்த்தார்.

"பகல்லயே நீந்திடும்மா."