ஆடு சொன்ன கொசுக்கடி

வேலி ஓரமா ஆட்டக் கட்டிப்போட்ட எடத்துல கோழி ஒரு கூட்டம் ஆரம்பிச்சுது. மனசுல இருக்கற கஷ்டத்தப் பேசி ஆத்திக்கணுமாம். அதுக்கு எத்தன சட்டம்! வேப்பங்குச்சி யார்கிட்ட இருக்கோ அவங்கதான் பேசணும். தெனசரிப் பிரச்சினைய மட்டுந்தான் பேசணும்.

மொதல்ல எலி குச்சிய வாங்கி, பூனத் தொல்லையச் சொல்லி ஒரு பாட்டம் அழுதுச்சு. கோழி "கஷ்டந்தாம்ப்பா"ன்னு தலையாட்டுச்சு. அப்புறம் ஆட்டோட மொற.

"அக்கா, இன்னைக்கு என்னை மஞ்சத்தண்ணில குளிப்பாட்டி மால போட்டிருக்காங்க. நாளைக்குக் கோயிலுக்காம். பயமா இருக்குக்கா."

"தெனமும் மால போடறாங்களா?"

"இல்லக்கா, இன்னைக்குத்தான்."

"அப்ப அது எப்படித் தெனசரிப் பிரச்சின ஆவும்? வேற சொல்லு கண்ணு."

ஆடு யோசிச்சு, "கொசு கடிக்குது"ன்னுச்சு.

"அது! இப்படித்தான் பேசணும்!" கோழிக்கு அவ்ளோ பெரும.

எலி பதறிப்போயி வாயத் தொறந்துச்சு. "ஏய், குச்சி உங்கிட்டயா இருக்கு?"ன்னு கோழி ஒரு அதட்டுப் போட்டுச்சு. எலியும் நல்ல புள்ளயா வாய மூடிக்கிச்சு.

மறுநாள் சாயங்காலம் ஆட்டக் கூட்டிட்டுப் போன கயிறு மட்டும் திரும்பி வந்து வேலியில தொங்குச்சு.

எலி அதக் கடிச்சுப் பாத்துச்சு. ரெண்டே கடியில அறுந்துபோச்சு.

"நீயாவது நேத்து என்னை மீறிப் பேசியிருக்கலாம்ல?"ன்னு கோழி மெதுவாக் கேட்டுச்சு.

எலி அறுந்துபோன கயித்தையே மறுபடி மறுபடி கடிச்சுக்கிட்டு இருந்துச்சு.