வெட்டாத இடம்

"ஏனுங்க டீச்சர், உங்களுக்கு வேற புள்ளையே கெடைக்கலீங்களா?"

வந்த வேகத்தில் உட்காரக்கூட இல்லை அர்த்தநாரி. சின்னதாய் ஒரு பனியன் யூனிட் நடத்துபவர். அவர் மகள் தரணிதான் ஏழாம் வகுப்பில் கணக்குக்கு முதல் மார்க்.

"என்ன ஆச்சுங்க?" என்றார் விஜயராணி டீச்சர்.

"பின்னக் கணக்குக்கு வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருக்கீங்க. என்ற பொண்ண விட்டுப்போட்டு, போன பரீட்சையில ஃபெயிலான அனுசுயாவ நிக்க வெச்சிருக்கீங்க. அது தப்பா வேற போடுது. அந்த இடத்த வெட்டக்கூட இல்லீங்க!"

"முழுசாப் பாத்தீங்களா?"

"தப்பப் பாத்ததும் மூடிட்டேனுங்க."

டீச்சர் தன் போனில் வீடியோவை ஓடவிட்டு அவரிடம் நீட்டினார்.

கரும்பலகை முன்னால் அனுசுயா. குரல் நடுங்கியது.

"அரை மீட்டர் துணி, கூட மூணுல ஒரு பங்கு மீட்டர். மேல கூட்டுனா ரெண்டு, கீழ கூட்டுனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு."

"இந்த எடந்தானுங்க..."

"இன்னும் கொஞ்சம் பாருங்க."

படத்துக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அனு, அஞ்சுல ரெண்டு அரையை விடப் பெருசா, சிறுசா?"

அனுசுயா யோசித்தாள். "சிறுசு... ஐயய்யோ, துணி மேல துணி வச்சா கொறையுமாக்கும்?"

சிரித்துக்கொண்டே அழித்தாள். இரண்டையும் ஆறு பங்காகப் பிரித்தாள். மூணும் ரெண்டும் அஞ்சு, ஆறுல அஞ்சு என்று எழுதி முடித்தபோது குரலில் நடுக்கமே இல்லை.

அர்த்தநாரி நிமிர்ந்தார். "கேள்வி கேட்டது நம்ம தரணி குரலாட்ட இருக்குதுங்க?"

"தரணியேதானுங்க. படம் எடுத்ததும் அதுதான். நான் தரணியத்தான் பேசச் சொன்னேன். 'நான் போட்டா சரியா வந்துரும் டீச்சர். மத்தவங்க எங்க தடுமாறுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அனு பேசட்டும், தப்பு வந்தாலும் வெட்ட வேண்டாம்'னு சொல்லிருச்சு. பாத்த புள்ளைங்க எல்லாம், 'நானும் அப்படித்தான் டீச்சர் போட்டேன்'னு வந்து தானாவே திருத்துதுங்க. அனுசுயாவும் நேத்து வெச்ச டெஸ்டுல பாஸ்."

அர்த்தநாரி மெல்ல உட்கார்ந்தார். வீடியோவை இன்னொரு முறை கடைசிவரை பார்த்தார். முகமெல்லாம் பெருமை.

"இத்தனையும் செஞ்ச புள்ளையோட பேர ஒரு ஓரத்துலயாச்சும் போட்டிருக்கலாமில்லீங்க?"

"போடத்தான் போனேனுங்க. 'அனு பேரு மட்டும் போதும் டீச்சர், அவங்கம்மா தான் வேலை பாக்குற கம்பெனியில எல்லார்கிட்டயும் காட்டணும்'னு தடுத்ததே உங்க பொண்ணுதானுங்க."